திருநீறு பூசிய கிண்ணங்கள்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமல் இருந்துதான் படித்தேன். பள்ளியில் கக்கூஸ் கிடையாது. அடி அண்ணாமலையில் டீச்சராகச் சேர்ந்தபோது அங்கேயும் அதே கதை. ஏழாம் வகுப்பில் நன்றாகப் படித்த ஒரு பெண் வயசுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். கிரிவலப் பாதையில் கற்பூரமும் திருநீறும் விற்கும் அவள் அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"கக்கூஸ் இல்லாத எடத்துக்கு எப்படி டீச்சர் அனுப்புறது? கட்டுங்க. மறுநாளே அனுப்புறேன்" என்றாள்.

செங்கம் ரோட்டில் ஒரு வாடகை வீட்டில் பீங்கான் பாத்திரம் செய்யும் புதுச்சேரிக்காரப் பெண் ஒருவர் இருந்தார். அவரிடம் புலம்பினேன். பிள்ளைகளைக் கிண்ணம் செய்யச் சொல்லலாம், பௌர்ணமியில் விற்று அந்தப் பணத்தில் கட்டலாம் என்றார்.

சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு அவர் வீட்டுக்குப் போனோம். நின்றுபோன பெண்ணும் வந்தாள். அவர் வீட்டில் கக்கூஸ் இருந்தது.

"டேய், இது கிண்ணமா, மாட்டுத் தொட்டியா?"

"உன்னுது மட்டும்? எறும்பு குளிக்கவா?"

காய்ந்த கிண்ணங்களை ஒருமுறை சுட்டு, பளபளப்புக்கான மெருகுக் கரைசலில் முக்கி, மறுபடியும் சூளைக்குள் பிள்ளைகளே அடுக்கினார்கள். கதவை மூடித் தீ மூட்டிய பிறகு நின்றுபோன அந்தப் பெண் பெருமையாகச் சொன்னாள்: "எல்லாத்துக்கும் பட்டை போட்டாச்சு டீச்சர். எங்க கடைத் திருநீறு."

புதுச்சேரி அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "சாம்பல் உருகி ஓடும்மா. சூளைத் தட்டோட ஒட்டிக்கிச்சுன்னா உடைச்சுத்தான் எடுக்கணும். தீ வச்ச பிறகு தெறக்கவும் முடியாது."

"புதுசுக்குப் பூசாம உள்ள வைப்பாங்களா?" என்று கேட்கும்போதே அவள் முகம் சுண்டிவிட்டது. இவை போனால் கக்கூஸும் போச்சு என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் சூடு ஆறியதும் கதவைத் திறந்தோம். சில கிண்ணங்கள் ஒட்டித்தான் போயிருந்தன. மற்றவற்றில் அந்த மூன்று கோடுகளும் உருகி, இளம்பச்சையாக வழிந்து, மழை நனைத்த பாறை மாதிரி மின்னின. புதுச்சேரி அம்மா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கே இப்படி வந்ததில்ல" என்றார்.

பௌர்ணமியன்று கற்பூரக் கடைக்குப் பக்கத்திலேயே பெஞ்சு போட்டோம். பிள்ளைகளுக்குக் கூவ வெட்கம். அந்தப் பெண்ணின் அம்மா கடையிலிருந்து எங்களைப் பார்த்தாள். பிறகு தன் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றாள். "திருநீறு பூசின கிண்ணம் சாமி! எம்பொண்ணு பூசுனது! வாங்க, வாங்க!"

இருட்டுவதற்குள் பெஞ்சு காலி.

கக்கூஸ் கட்டி முடித்த மறுநாள் காலை, சொன்னபடியே மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் நேராக அதன் புதுக் கதவிடம் போய், மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்து மூன்று கோடு இழுத்தாள்.

"அடியே, கக்கூஸுக்குமாடி?" என்று கத்தினாள் அம்மா.

"புதுசுதானேம்மா" என்று சொல்லிவிட்டு, வகுப்புக்கு ஓடினாள் மகள்.