மணி அடிக்காத இரண்டு நாள்

மூத்த பேரன் புனேயில் வேலைக்குச் சேர்ந்தான், பேத்தி நந்தினி பொறியியல் கல்லூரியில் முதலாவதாக வந்தாள், சின்னவன் நீச்சலில் கோப்பை வாங்கினான் என்று மூன்றையும் நம் டெல்லி துவாரகா தமிழர் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தேன். அடுத்து வந்த செய்தி, சேகர் போய்விட்டார் என்பது. விமான நிலையத்தில் வேலையில் இருக்கும்போதே மாரடைப்பு. ஐம்பத்து நான்கு வயது.

உங்களில் பலருடைய பழைய கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தவர் அவர். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரைப் போட்டதும் தமிழ் எழுத்து வரவும், பேரப்பிள்ளைகளின் புதுப் படங்கள் இறங்கவும், கடைசியாக என் கணவரின் இன்சுலின் ஊசிக்கு மணி அடிக்கவும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சில கட்டளை வரிகள் எழுதிவைத்தார். என் கணவருக்கு மறதி. ஊசி போடாமலே "போட்டாச்சு" என்பார். மணி அடித்தால்தான் ஊசி என்று நானும் பழகிவிட்டேன்.

போன வருடம் இரண்டு நாள் மணி அடிக்கவில்லை. திரையில் பழைய படங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மூன்றாம் நாள் என் கணவர் நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்துக்கொண்டார்.

சேகர் வந்து பார்த்தார். "புதுப் படம் இறக்குற வரி தவறிடுச்சு பெரியம்மா. அதோட மொத்தமும் நின்னுபோச்சு. மணி அதுக்குக் கீழ இருக்கு."

"தவறினா சொல்லாதா அது?"

"சொல்லும். நான்தான் வாயைக் கட்டிவெச்சேன். காலங்காத்தால இங்கிலீஷ்ல எரர் வந்தா நீங்க பயந்துடுவீங்கன்னு..."

"அரே, அஞ்சாங்கிளாஸ் படிச்சவ, பயந்தா பயந்துட்டுப் போறேன். மனுஷன் விழுந்தப்புறம் பயந்து என்ன புண்ணியம்?"

அவர் சாக்குச் சொல்லவில்லை. அங்கேயே உட்கார்ந்து மணியை முதல் வரியாக்கினார். ஒன்று தவறினாலும் மற்றவை ஓடும்படி மாற்றினார். எது தவறியது என்று பெரிய தமிழ் எழுத்தில் வரச் செய்தார். முதலில் "நினைவூட்டி நிரல் செயலிழந்தது" என்று வந்தது. "இது யாருக்கு, பார்லிமெண்டுக்கா?" என்றேன். சிரித்துக்கொண்டே திருத்தினார்: "மணி அடிக்காது. ஊசியை நீங்களே நினைவாகப் போடுங்கள். சேகரைக் கூப்பிடுங்கள்."

அதன்பின் மாதம் ஒரு ஞாயிறு வருவார். டீ ஆறுவதற்குள் ஒரு வரியை வேண்டுமென்றே கெடுத்து, அறிவிப்பு வருகிறதா என்று பார்ப்பார். "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு நோண்டுறே?" என்பார் என் கணவர். "கெடுத்துப் பார்க்காத எச்சரிக்கையை நம்பக்கூடாது பெரியப்பா" என்பார் சேகர்.

போன ஞாயிறு, நந்தினி போனில் சொல்லச் சொல்ல, நானே மணியின் வரியைக் கெடுத்துப் பார்த்தேன். அறிவிப்பு சரியாக வந்தது, சேகரைக் கூப்பிடச் சொல்லி. வர முடியாதவரைக் கூப்பிடச் சொல்வதும் பிழைதான். அவராயிருந்தால் அன்றே திருத்தியிருப்பார். நந்தினியின் பெயரைப் போட்டு, வரியைச் சரிசெய்து வைத்தேன். மாதாமாதம் கெடுத்துப் பார்க்கும் அந்தப் பழக்கம் இனி என்னுடையது.

குழுவில் இரங்கலோடு போட்டிருக்கும் அவர் படம் வேலையில் சேர்ந்தபோது எடுத்ததாம். மீசையில் ஒரு நரை இல்லை. நமக்குத் தெரிந்த சேகர் நரைத்தவர். யாரிடமாவது புதிய படம் இருந்தால் போடுங்கள்.