எந்தக் கோயிலாண்ட திரும்பணும்?

ரெண்டாயிரத்து மூணுன்னு நினைக்கிறேன். காஞ்சிபுரம் காந்தி ரோட்டுல இருந்த ஒரு பட்டுப்புடவைக் கடைக்குத்தான் அப்பா தறி நெய்துக்கிட்டு இருந்தார். கடைக்கு வெப்சைட் வேணும்னு முதலாளி சொன்னாராம். உடனே அப்பா, "எம் பொண்ணு கம்ப்யூட்டர் படிச்சிட்டு வூட்லதான் இருக்குது மொதலாளி, அதுவே செஞ்சிடும்"னு வாயைக் கொடுத்துட்டு வந்துட்டார். முதலாளியோட மாப்பிள்ளை, மெட்ராஸ் கம்பெனிக்குத்தான் கொடுக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னார். "பொண்ணு செஞ்சு காட்டட்டும், சரியில்லன்னா உங்க இஷ்டம்"னு முதலாளி முடிச்சுட்டார்.

காட்டுற நாள் அன்னிக்கு அப்பா சலவை வேட்டி கட்டிக்கிட்டு எனக்கு முன்னாடியே கடையில போய் நின்னுட்டார். முதல் பக்கம் ஜோரா வந்தது, மேல வரிசையா மெனு. மாப்பிள்ளை 'முகூர்த்தப் புடவை'யைத் தட்டினார், வந்தது. அங்கேர்ந்து 'தொடர்புக்கு'ன்னு தட்டினார். அப்படி ஒரு பக்கமே இல்லைன்னு வந்தது. வேற எதைத் தட்டினாலும் அதே கதைதான். மாப்பிள்ளை அப்பாவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சார். அதை நினைச்சா இன்னிக்கும் எனக்குப் பத்திக்கிட்டு வரும். அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

அந்த நேரம் பார்த்து போன் அடிச்சது. கல்யாண ஜவுளி எடுக்க வந்த வெளியூர்க்காரங்க, வழி தெரியாம நிக்கிறாங்க. "கோயிலாண்ட லெப்ட்ல திரும்புங்க, நேரா வந்தா நம்ம கடைதான்"னார் முதலாளி. எந்தக் கோயில்னு கேட்டிருப்பாங்க போல. எங்க ஊர்ல எந்தத் தெருவுல நின்னாலும் ஒரு கோயில் இருக்கும். ஆனா நாங்க எல்லாருமே இப்படித்தான் வழி சொல்லுவோம், வந்தவங்க பாவம் சுத்திக்கிட்டே இருப்பாங்க. கடைசியில முதலாளியே சலிச்சுப்போய், "மொதல்ல பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுங்கபா, அங்கேர்ந்து சொல்றேன்"னார்.

எனக்கு அப்பதான் பொறி தட்டிச்சு. நான் எழுதின லிங்க் எல்லாமே முதல் பக்கத்துல நிக்கிறவங்களுக்குச் சொன்ன வழி. புடவைப் பக்கமோ தனி ஃபோல்டருக்குள்ள இருக்குது. அங்க நின்னு தட்டினா அந்த ஃபோல்டருக்குள்ளேயே தேடுது. நானும் முதல் பக்கத்துலேர்ந்து மட்டுமே தட்டிப் பார்த்திருந்தேன்.

"ஒரு மணி நேரம் குடுங்க சார்"னு கேட்டு உட்கார்ந்தேன். எந்தப் பக்கத்துல நின்னாலும் வழி சைட்டோட ஆரம்ப இடத்துலேர்ந்தே கிளம்பணும். அந்த ஆரம்ப இடமும் கடைக் கம்ப்யூட்டர்ல ஒண்ணு, நெட்டுல ஏத்தினா வேற ஒண்ணு. அதனால அதைக் கையால எழுதாம, புரோகிராமே கண்டுபிடிச்சு ஒவ்வொரு லிங்க்குக்கு முன்னாடியும் சேர்த்துக்குற மாதிரி மாத்தினேன்.

முடிச்சதும் மவுஸை மாப்பிள்ளைகிட்ட கொடுக்கல, வேணும்னேதான். "நீ தட்டுப்பா"ன்னு அப்பா கையில கொடுத்தேன். அதுவரைக்கும் மவுஸையே தொடாத மனுஷன், நாக்கைக் கடிச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா அழுத்தினார். எங்கேர்ந்து எதை அழுத்தினாலும் அந்தப் பக்கம் டக்குனு வந்து நின்னது. "எல்லாம் வருது மாமா, இதுவே போதும்"னு மாப்பிள்ளையே சொன்னார். அப்பா முதலாளியைப் பார்த்து, "நான் சொல்லல?"ன்னார். அந்த ரெண்டு வார்த்தைக்கு ஈடா ஒரு பாராட்டை நான் இதுவரைக்கும் கேட்டதில்ல.

அதுக்கப்புறம் எத்தனையோ சைட் செஞ்சாச்சு. இன்னிக்கும் எதை முடிச்சாலும், உள்ள இருக்கிற கடைசிப் பக்கத்துக்குப் போய், அங்கேர்ந்து ஒவ்வொரு லிங்க்கையும் நானே தட்டிப் பார்த்துட்டுத்தான் கொடுப்பேன். எங்கப்பா இன்னொரு தடவை யார் முன்னாடியும் தலை குனியக் கூடாதில்ல.