வேட்டுக்காரரின் ஜெர்மன் ஹெல்மெட்

எங்கள் அம்மன் தேருக்கு வேட்டுப் போட வலங்கைமானிலிருந்து வந்தவர் தலையில், ஜெர்மன் பட்டாளம் கழித்த ஹெல்மெட் இருந்தது. ஜெர்மனியில் வேலை பார்க்கும் மச்சான் கொண்டுவந்ததாம். ஒவ்வொரு வேட்டுக்கும் முன் அதை இரண்டு தட்டுத் தட்டிக்கொள்வார்.

"ஆத்தா முன்னாடி தலைய மூடாதீங்க, கழட்டுங்க" என்றேன்.

"மாட்டேங்க. ரெண்டாவது உலகச் சண்டையில தோத்தப்புறம் ஜெர்மன்காரன் அமெரிக்காக்காரன் மாதிரி ஹெல்மெட்ட இரும்புல செஞ்சான். அதுவும் பத்தலன்னு குண்டு துளைக்காத கெட்டி நாருக்கு மாறி, தோத்த சண்டையில போட்டிருந்த, காதை மூடுற பழைய வடிவத்துக்கே வந்தான். தலைக்காக அவனே வெக்கப்படலீங்க. இது ஆத்தா குடுத்த தலை. வேணும்னா நீங்க வெறுந்தலையோட பத்த வைங்க."

வத்தியை நீட்டினார். நான் வாங்கவில்லை.

வேட்டு முடிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் தேர் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அவருக்கு ஒரு காது பாதிதான் இருந்தது.