நாடி பார்க்கும் உடை

ஊசி குத்தினாலும் மானசா அசைவதில்லை. தாழ்ந்த மரப்பெட்டியின்மேல் கைகளை விரித்து நிற்பாள்; தையல்காரர்கள் துணியைச் சுற்றிக் குண்டூசி குத்திக்கொண்டே போவார்கள். தவறிச் சதையில் பட்டால், "இது துணி இல்ல, நான்" என்பாள், குரல் உயராமல்.

தில்லி ஷாப்பூர் ஜாட்டில் இருக்கிறது அபினவின் தையற்கூடம். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். மூங்கில் நாரில் சட்டை, எக்ஸ்ரே படங்களில் பாவாடை என்று எதையாவது செய்துகொண்டிருப்பான். எல்லாம் முதலில் மானசாவின்மேல்தான் ஏறும். அளவுக்கு உடம்பைக் கொடுப்பதுதான் அவள் வேலை. உட்கார்ந்தால் கசங்கும் என்பதால் தயிர்சாதத்தையும் நின்றே சாப்பிடுவாள். ஃபேஷன் ஷோ மேடையில் நடப்பது வேறு பெண்கள்.

இந்த வருஷம் ஒரே ஒரு உடையில் நானே நடக்கிறேன் என்று கேட்டாள். வெள்ளியிழை கவுன், உள்ளே பொடிப்பொடி விளக்குகள். மணிக்கட்டில் கட்டும் பட்டை நாடியைப் பார்த்துக் கம்பியில்லாமலே கவுனுக்குச் சொல்லும். நிதானமாக இருந்தால் நீலம், பதறினால் சிவப்பு. மேடையில் கவுன் சிவக்கும் என்றால்தான் அவள் நடக்கலாம் என்றான் அபினவ். மானசாவோ எப்போதும் நீலம். ஒத்திகைதோறும் சீண்டிப் பார்த்தான்.

"அரே மானசா, உள்ள இருக்கறது ஹார்ட்டா, ஃப்ரிட்ஜா?"

"ஃப்ரிட்ஜ்தான். கதவைச் சாத்து."

நீலம் மாறவேயில்லை; இருந்தும் கடைசியில் அவளையே நடக்கச் சொன்னான். நிகழ்ச்சியன்று, திரை விலகும் நேரத்தில், காதருகே வந்தான்.

"உன் வீட்லேருந்து ஃபோன். அம்மா ஐ.என்.ஏ. மார்க்கெட்ல விழுந்துட்டாங்களாம். பேச்சு மூச்சு இல்லையாம்."

சொல்லிவிட்டு முதுகில் கைவைத்துத் தள்ளினான்.

கவுன் கழுத்திலிருந்து கணுக்கால்வரை சிவந்தது. பாதி மேடையில் அவள் கால் நின்றது. பிறகு திரும்பி ஓடினாள். அதையும் நடிப்பென்று நினைத்துக் கூட்டம் எழுந்து கைதட்டியது. வாசலில், யாரோ ஒருவரின் ஃபோனை வாங்கி அழைத்தாள். லக்ஷ்மிபாய் நகர் வீட்டில் அம்மா, அடுப்பில் பருப்பு இருக்கிறது, அப்புறம் பேசு என்றாள்.

மறுநாள் மானசா வழக்கம்போல் வேலைக்கு வந்தாள். அபினவ் லட்டு டப்பாவை நீட்டினான்.

"ஸாரி மானசா. ஆனா பாத்தியா, என்ன ஒரு ரெட்!"

அவள் லட்டு எடுக்கவில்லை. பட்டையை எடுத்து அவன் மணிக்கட்டில் கட்டினாள்.

"இப்போ ஸாரி சொல்லு."

சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து, தணிந்த குரலில் மறுபடி ஸாரி சொன்னான். பொம்மைக்கு மாட்டியிருந்த கவுன் கொஞ்சமும் துடிக்காமல் நீலமாகவே எரிந்தது.

அவன் கையிலிருந்த பட்டையை அவள் அவிழ்க்கவில்லை. மரப்பெட்டியில் ஏறி, கைகளை விரித்தாள்.