காருக்குப் பின்னால் நின்றவர்

என் தம்பிக்கு நடக்க வருவதற்கு முன்பே அவனை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். எண்பதுகளில் அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில், எங்களைப் போன்ற வீடுகளில் அது சகஜம். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போக வேண்டும். குழந்தை குறுக்கே வந்தால், ஊருக்குப் போகிற யாராவது ஒரு ஆன்ட்டியின் மடியில் வைத்து விமானம் ஏற்றிவிடுவார்கள். அங்கே பெரியம்மாவோ சித்தியோ வளர்ப்பார்கள். இதை யாரும் கொடுமை என்று சொல்லவில்லை. அட்ஜஸ்ட்மென்ட் என்றார்கள்.

எனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் என்னைப் பார்த்துக்கொண்டதால் தப்பித்தேன்.

அம்மாவுக்கு அவனை அனுப்ப மனமில்லை. சமையலறையில் இதே பேச்சுதான்.

"மூணு வருஷம். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும்" என்பார் அப்பா.

"திறக்கும்போது அவனுக்கு நான் யாருன்னே தெரியாது" என்பாள் அம்மா.

அப்பா உடனே கடமை, தியாகம் என்று ஆரம்பித்துவிடுவார். அந்தச் சொற்கள் அவருக்குக் கீழ் வீட்டிலிருந்து கிடைத்தவை. கீழ் வீட்டில் ஒரு ஜப்பானியக் கிழவர் தன் இரண்டாம் தாரத்து மகனோடு இருந்தார். மகனும் அப்பாவும் ஒரே மருந்துக் கம்பெனி. கிழவர் போர்க்காலத்தில் விமானப்படைப் பள்ளியில் பயிற்சி கொடுத்தவர். பறக்க மட்டும் அல்ல. விமானத்தோடே எதிரிக் கப்பல்மேல் விழுந்து, திரும்பி வராமல் போகவும் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர். அப்பாவுக்கு அவர்மேல் பைத்தியம். நான் ஷூவைக் கண்ட இடத்தில் கழற்றிப் போட்டால்கூட ஜப்பான்காரன் டிசிப்ளினைப் பற்றி ஒரு பாட்டம் கேட்க வேண்டும்.

தம்பிக்கு டிக்கெட் போட்ட வாரம், ஞாயிற்றுக்கிழமை, அப்பா அவரைக் காபிக்குக் கூப்பிட்டார். கிழவர் தம்பியை மடியில் வாங்கிக்கொண்டார். அவன் அவருடைய கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்தான். அவர் தடுக்கவில்லை. கண்ணாடி இல்லாமலே, உடைந்த ஆங்கிலத்தில் தன் கதையைச் சொன்னார்.

வீட்டை நினைக்கிறவன் கையில் விமானம் நேராகப் போகாது என்று தினமும் பையன்களுக்குச் சொல்வாராம். ஆனால் சாயங்காலமானால் அவர் வீட்டுக்குப் போவார். மனைவியும் சின்ன மகளும் பள்ளிக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். அவர் போவதைப் பையன்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த வெட்கம் தாங்காமல், வேண்டாம் என்று கெஞ்சிய மனைவியையும் மகளையும் மாமியார் இருந்த நகரத்துக்கு அனுப்பிவைத்தார். ஸ்டேஷனுக்குப் பையன்களும் வந்திருந்தார்கள். ரயில் நகர்ந்தபோது மகள் ஜன்னல் வழியே கையை நீட்டினாள். அவளை அப்படியே பிடித்து இழுத்து இறக்கிவிட வேண்டும் போலிருந்தது. பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சல்யூட் அடித்தார்.

கொஞ்ச நாளில் அந்த நகரத்தில் குண்டு விழுந்து எல்லாம் எரிந்தது. இரண்டு பேரும் போய்விட்டார்கள். செய்தி வந்த மறுநாள் காலையும் அவர் வகுப்பு எடுத்தார்.

அத்தோடு நிறுத்திவிட்டு அப்பாவின் முகத்தையே பார்த்தார். அப்பாவின் கண்கள் கலங்கியிருந்தன. கிழவர் தம்பியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கீழே போனார்.

அப்பா சொன்னார்: "மறுநாள் காலைல கிளாஸ் எடுத்திருக்காரு பாரு. மனுஷன்னா இவருதான்."

"வேற எங்க போவாரு?" என்றாள் அம்மா. "வீட்டுக்கா? அதான் எரிஞ்சு போச்சே."

"உனக்கு எதைச் சொன்னாலும் குதர்க்கம்தான்" என்று அப்பா டிவியைப் போட்டார்.

அடுத்த சனிக்கிழமை கிளம்பினோம். தம்பியைத் தூக்கிக்கொண்டு போகிற ஆன்ட்டி நேராக ஏர்போர்ட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அம்மா பின் சீட்டில் தம்பியை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நான். அப்பா வண்டியைப் பின்னால் எடுக்கப் போனவர் சட்டென்று பிரேக் போட்டார். காருக்குப் பின்னால் கிழவர் நின்றுகொண்டிருந்தார். கோட்டுகூடப் போடவில்லை. அந்தக் குளிரில் வெறும் சட்டையோடு, கைகளைப் பக்கவாட்டில் ஒட்டிவைத்து, விறைப்பாக நின்றார்.

"சென்ட் ஆஃப் பண்ண வந்திருக்காரு" என்று அப்பா பூரித்துப்போய் இறங்கினார். அவர் முன்னால் போய், தனக்குத் தெரிந்த மாதிரி இடுப்பை வளைத்து வணங்கினார். கிழவர் அதைவிடத் தாழக் குனிந்தார். அப்பா இன்னும் கொஞ்சம் குனிந்தார். கிழவர் இன்னும் தாழ்ந்தார். நிமிரவே இல்லை. பனி உருகிய அழுக்குத் தண்ணீரில் அவர் செருப்பு நனைந்தது. இரண்டு பேரும் மாறி மாறிக் குனிவதைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அம்மா பின் கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நகராதீங்க" என்றாள் மெதுவாக. யாரிடம் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. என்னிடம் அவள் மரியாதையாகப் பேசினதே கிடையாது. ஜப்பான்காரருக்கோ தமிழ் தெரியாது.

அப்பா கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார். பிறகு, கொஞ்சம் தள்ளிக்கொள்ளும்படி கையால் ஜாடை செய்தார். கிழவர் நிமிர்ந்து அப்பாவின் கையைப் பார்த்தார். ஓரமாக நகர்ந்தார். நாங்கள் ரோட்டுக்குத் திரும்பும்வரை அங்கேயே நின்றார். சல்யூட் அடிக்கவில்லை. கையை அசைக்கவுமில்லை.

"மரியாதையை அவங்ககிட்டதான் கத்துக்கணும்" என்றார் அப்பா.

மூன்று வருஷம் ஐந்தானது. தம்பி திரும்பி வந்தபோது அம்மாவை ஆன்ட்டி என்று கூப்பிட்டான். அவன்மேல் என்ன தப்பு? தெரியாத பொம்பளைகளை அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதைக் கேட்டு, அவனைப் பார்க்க வந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அன்று கிழவர் வழியனுப்ப வரவில்லை, மறிக்க வந்தார் என்பது அந்தக் காரில் ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிய ரொம்ப வருஷம் ஆயிற்று. அந்த மனிதருக்கு மறிக்கத் தெரியவில்லை. எத்தனையோ பையன்களை வழியனுப்பிப் பழகியவர், மறித்து நின்றபோதும் வழியனுப்புகிற மாதிரியேதான் நின்றார். எதிரே ஒருவர் கையைக் காட்டியதும் விலகியும் விட்டார்.