நேவியோ தட்டிய கதவு

ஜெனோவாவில் கால்பந்துப் பைத்தியங்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனாலும் மரஸ்ஸி மைதானத்துக்குப் பின்னால் மேடேறும் தெருவில், நாலாவது மாடியில் குடியிருந்த தெர்ஸில்லாவுக்கு முன்னால் மற்றவர்கள் எல்லாம் சும்மா. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். திங்கட்கிழமை பாஸ்தாவில் உப்புக் கரித்தால் முந்தின நாள் அவளுடைய ஜெனோவா அணி தோற்றுவிட்டது என்று வாத்தியார்கள் தெரிந்துகொள்வார்கள்.

அப்படிப்பட்டவள் போயும் போயும் ஊரின் இன்னொரு அணியான சாம்ப்தோரியாவின் ஆளைக் கட்டிக்கொண்டாள். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிய நேவியோ. ஒரே ஊர், ஒரே மைதானம், ஜென்மப் பகை. "மாப்பிள்ளைக்கு ஒரு கண்ணு தெரியலன்னாகூடப் பொறுத்துப்பேன்" என்று அவள் அப்பா ஒரு வருஷம் வீட்டுப் படியேறவில்லை. இரண்டு அணியும் மோதும் நாளில் அவன் கூடத்தில் ஒரு வானொலி வைத்துக்கொள்வான், அவள் அடுக்களையில் ஒன்று. நடுவில் மகன் எரால்தோ இரண்டு பக்கமும் திட்டு வாங்கிக்கொண்டு திரிவான்.

நாட்டு அணி ஆடும்போது மட்டும் இருவருக்கும் ஒரே சோபா. அப்போது சட்டம் தெர்ஸில்லாவுடையது. எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள சட்டம்தான், அவள் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துக்கொண்டாள். நமக்குக் கோல் விழுந்தபோது யார் எங்கே இருந்தார்களோ அங்கேயே இருக்க வேண்டும். கழிப்பறையில் இருந்தவன் கழிப்பறையில். ஜெயிக்கப்போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அக்கம்பக்கத்துக் கூச்சல் காதில் விழாதபடி ஜன்னல் எல்லாம் அடைத்து, டிவி சத்தத்தை உச்சத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நேவியோ ஆசையாகச் சாட்டிலைட் குடை வாங்கி மாட்டிய பிறகு இது இன்னும் கண்டிப்பாகிவிட்டது.

2006, பெர்லினில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். பிரான்ஸ் முதலில் அடித்தது. நாம் திருப்பி அடித்தபோது நேவியோ மாடிப்படியில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். அப்புறம் உள்ளே வந்து உட்கார்ந்தான். ஆட்டம் இழுத்துக்கொண்டே போய்ப் பெனால்டியில் வந்து நின்றது. தெர்ஸில்லா அவன் பக்கம் திரும்பினாள்.

"யோவ், கோல் விழுந்தப்ப நீ எங்கய்யா இருந்த?"

"அடிப்பாவி, உலகக் கோப்பைடி இது!"

"அதனாலதான் சொல்றேன். எழுந்திரு. போ வெளிய."

ஆட்டம் பார்க்க வந்திருந்த கூட்டம் கைதட்டியது. நேவியோ சிரித்துக்கொண்டே போனான். கதவு சாத்தப்பட்டது.

கடைசி உதை. நம் ஆள் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தான். அப்போது கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு. எரால்தோ எழுந்திருக்கப் போனான்.

"திறந்தே, கொன்னுடுவேன்!" என்றாள் தெர்ஸில்லா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பந்து உள்ளே போனது. எல்லோரும் பால்கனிக்கு ஓடினார்கள். பாத்திரத்தைத் தட்டினார்கள், புட்டியைத் திறந்தார்கள், எதிர்வீட்டுக்காரர்களோடு சேர்ந்து பாடினார்கள். நேவியோவின் துறைமுகக் கூட்டாளி ஒத்தாவியோதான் முதலில் கேட்டான், "எங்கய்யா நம்ம ஆளு?" சிரித்தபடியே போய்க் கதவைத் திறந்தான். கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்த நேவியோ அப்படியே உள்பக்கம் சரிந்தான். உயிர் இல்லை.

இதயம் நின்றுவிட்டது, நொடியில் போயிருப்பார், வலியே தெரிந்திருக்காது என்றார் டாக்டர்.

"அப்ப தட்டினது யாரு?" என்று கேட்டாள் தெர்ஸில்லா.

ஊரே கோப்பையைக் கொண்டாடிய வாரத்தில் அவள் அவனைப் புதைத்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு இருந்ததெல்லாம் அந்த ஒரு கேள்விதான். என்னைக் காப்பாற்று என்று தட்டினானா? நான்தான் கொன்றேனா? படுத்தால் அது, எழுந்தால் அது. ஆட்டம் நடக்கும்போது மட்டும் கேள்வி சத்தமாகவே வரும். யார் ஆடினாலும் சரி, ஆட்டத்தின் நடுவில் எங்காவது மூன்று தட்டுக் கேட்கும். ஓடிப்போய்ப் பார்த்தால் படிக்கட்டு காலியாக இருக்கும். கடைசியில், டிவியைப் போட்டால் வாசல் கதவைத் திறந்து வைப்பது என்று முடிவு செய்தாள். குளிர்காலத்திலும் கதவு திறந்தே கிடக்கும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு பார்ப்பாள். ஜெனோவா சாம்ப்தோரியாவோடு மோதும் நாளில் நேவியோவின் அணிக் கழுத்துத்துணியை அவன் நாற்காலியில் போடுவாள். எதிரியின் நிறத்தை வீட்டுக்குள் வைத்திருக்கிறாள் என்று தெருவில் யாரும் கேலி செய்யவில்லை. அந்த அளவுக்குத் தெருவுக்கும் இதயம் உண்டு.

நாட்டு அணி விஷயம் வேறு. அடுத்த உலகக் கோப்பையில் முதல் சுற்றிலேயே வெளியே வந்தோம். அதற்கடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததற்கு ஸ்வீடனிடம் மண்ணைக் கவ்வி, போகவே இல்லை. "கதவு திறந்திருந்தா அதிர்ஷ்டம் எப்படிங்க தங்கும்?" என்று காப்பிக்கடையில் ஒருவன் சொல்லி ஒத்தாவியோவிடம் அறை வாங்கினான். சொன்னது தெர்ஸில்லாவின் காதுக்கு வந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

2021 கோடையில், லண்டனில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம், இங்கிலாந்தோடு. எரால்தோ மனைவியோடு வந்தான். இன்டர்நெட் வழியாக வரும் புது டிவியை அம்மாவுக்கு மாட்டிக் கொடுத்திருந்தான். ஒத்தாவியோ கையில் ஃபரினாத்தாவோடு வந்தான். கடலைமாவு ரொட்டி ஆறினால் நன்றாக இருக்காது, ஆனாலும் யாரும் தொடவில்லை, ஏனென்றால் இங்கிலாந்து வந்ததும் வராததுமாக ஒரு கோல் போட்டுவிட்டது.

இடைவேளைக்குப் பிறகு தெர்ஸில்லாவுக்குத் தட்டுக் கேட்டது. எழுந்து வாசலுக்குப் போனாள். வெளியே கால் வைத்ததும் கீழே யாரோ தெருக்கதவைத் திறக்க, காற்று மேலேறி வந்து அவள் முதுகுக்குப் பின்னால் கதவை அறைந்து சாத்தியது. உடனே ஒரே கூச்சல், மேலேயா கீழேயா உள்ளேயா என்றே புரியவில்லை. எரால்தோ கதவைத் திறந்து அவளைக் கட்டிக்கொண்டான். "அம்மா! கோல்! அடிச்சிட்டோம்மா!" என்றவன், அவள் எங்கே நிற்கிறாள் என்று பார்த்ததும் அவசரமாக அவளை உள்ளே இழுத்தான்.

ஆட்டம் பெனால்டிக்கு வந்தது. அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. சட்டம் எல்லோருக்கும் தெரியும். தெர்ஸில்லாவே எழுந்தாள்.

"கோல் விழுந்தப்ப நான் எங்கடா இருந்தேன்?" என்றாள் மகனிடம்.

"அம்மா, வேண்டாம்மா. உட்காரு."

"தெர்ஸில்லா, போற கோப்பை போகட்டும்" என்றான் ஒத்தாவியோ. அவன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று யார் எதிர்பார்த்தார்கள்.

"அவருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?" என்று சொல்லிவிட்டு வெளியே போய், தன் கையாலேயே கதவை இழுத்துச் சாத்தினாள்.

நேவியோ போன பிறகு அவள் இந்தக் கதவை வெளிப்பக்கமிருந்து இப்படி நின்று பார்த்ததே இல்லை. உள்ளே டிவி வர்ணனை ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. கடைசி உதைக்கு நம் ஆள் வருகிறான், இதைப் போட்டால் கோப்பை நமதே என்று வர்ணனையாளர் சொல்லும்போதே கீழ்வீட்டில் ஒரு பெரிய ஐயோ. என்ன ஆயிற்று என்று குனிந்து பார்த்தாள். கீழே கிழவர் கனேபா வீடு. மொட்டைமாடிப் பழைய ஆண்டெனாவை விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும் மனிதர். கொஞ்சம் பொறுத்து அதே ஐயோ அவள் வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

கிழவரின் ஆண்டெனாவுக்கு முதலில் வந்தது தன் வீட்டு இன்டர்நெட் டிவிக்குப் பிந்தி வருகிறது என்று அவளுக்கு உறைத்தது.

இங்கிலாந்தின் கடைசி உதை, இதைத் தடுத்தாலும் கோப்பை நமதுதான். உள்ளே வர்ணனையாளர், பையன் இப்போதுதான் நடந்து வருகிறான் என்கிறார். கீழே கனேபா வீடு வெடித்தது. பிடித்துவிட்டான், நம் கோல்கீப்பர் பிடித்துவிட்டான் என்று கிழவர் ஊளையிட்டார். தெர்ஸில்லா ஒன்றும் யோசிக்கவில்லை. சந்தோஷத்தில் அவள் கை தானாக மேலே போய்க் கதவைத் தட்டியது. மூன்று தட்டு.

"திறக்காதீங்க!" உள்ளே எரால்தோ கத்தினான். "அம்மா, ஒரு நிமிஷம் பொறு! வந்துடாத!"

அவள் கையைக் கதவிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கும் கனேபாவின் ஆண்டெனா முந்திக்கொண்டிருக்கும். நேவியோ பெருமையடித்த சாட்டிலைட் பிந்தியிருக்கும். அவன் உயிருக்குக் கூப்பிடவில்லை. ஜெயிச்சாச்சுடி என்று சொல்லத்தான் கூப்பிட்டான். உலகத்திலேயே முதலில் அவளிடம் சொல்ல வந்தான். அவள் வாய்விட்டு அழுதாள்.

உள்ளே வீடு அதிர்ந்தது. பிறகு காலடிகள் எல்லாம் ஒரே பக்கமாக ஓடின. பால்கனிக் கதவு திறக்கும் சத்தம், பாத்திரச் சத்தம், பாட்டு. இந்தக் கதவுப் பக்கம் ஒருத்தரும் வரவில்லை. படிக்கட்டு விளக்கு அதன் கணக்குப்படி தானாக அணைந்தது. இன்னொரு தரம் தட்டலாம். அவனும் தட்டியிருக்கலாம். இப்போது திறப்பார்கள் என்று இருந்திருப்பான். தெர்ஸில்லா கதவில் முதுகைச் சாய்த்து, அந்த இருட்டில் உட்கார்ந்தாள். ஊர் பாடியது. அவள் காத்திருந்தாள்.

கடைசியில் கதவு திறந்தபோது அவள் பின்பக்கமாகச் சரிந்தாள். எரால்தோ அலறிக்கொண்டு தாங்கிப் பிடித்தான்.

"அம்மா! அம்மா! என்னம்மா ஆச்சு? தட்டினியே, எதுக்கும்மா தட்டின?"

"ஜெயிச்சிட்டோம்னு சொல்லத்தான்டா" என்றாள் அவள். "இவ்வளவு நேரமா ஒருத்தருமே திறக்கல."