ஒன்பதும் பதினாறும்

பாஞ்சாலிக்கு ஒன்பதாம் வகுப்பில் அறை விழுந்தது ஒரே ஒரு ஏழுக்காக. ஒன்பதையும் பதினாறையும் கூட்டி, வந்ததற்கு வர்க்கமூலம் காண வேண்டும். அவளோ ஒன்பதின் மூலம் மூன்று, பதினாறின் மூலம் நான்கு, ஆக ஏழு என்று எழுதிவிட்டாள். "மண்டையில என்ன களிமண்ணா?" என்று அம்புஜம் டீச்சர் நோட்டை ஜன்னல் வழியாக விட்டெறிந்தார். ஏன் தப்பு என்று சொல்லவில்லை. அந்த வருடத்தோடு படிப்பு நின்றது.

இப்போது வயது நாற்பத்தொன்று. பெங்களூரில், அல்சூரிலிருந்து தினமும் பீன்யாவுக்குப் போய், ஒரு டைல்ஸ் கிடங்கில் பன்னிரண்டு வருடமாகச் சரக்கு அடுக்கி அனுப்புகிறாள். சூப்பர்வைசர் இடம் காலியானதும் கேட்டாள். "எஸ்எஸ்எல்சி பாஸ் இல்லியேம்மா" என்றார் மேனேஜர். வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். அந்த ஆத்திரத்தில்தான் அவள் தனித்தேர்வுக்கு விண்ணப்பித்தாள்.

சிவாஜிநகரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. ஓய்வுபெற்ற ஆசிரியர் வெங்கடசுப்ரமணியன் போர்டில் அதே கணக்கைப் போட்டார்.

"சார், ஏழு ஏன் வராது?"

"அது ரூல்மா. வர்க்கமூலத்துக்குள்ள கூட்டல் இருந்தா பிரிக்கக் கூடாது. மனப்பாடம் பண்ணிக்கோ."

"அதான் சார், ஏன்?"

"இந்த வயசுல ஏன் எதுக்கெல்லாம் வேணாம். பாஸானா போதும்ல?"

வகுப்பே சிரித்தது. அவளுக்குக் காது மடல் வரை சுட்டது.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் டைல்களைத் தரையில் பரப்பினாள். ஒன்பதைச் சதுரமாக வைத்தால் பக்கத்துக்கு மூன்று. பதினாறை வைத்தால் பக்கத்துக்கு நான்கு. இரண்டையும் கலைத்து, இருபத்தைந்தையும் ஒரே சதுரமாக அடுக்கினாள். பக்கத்துக்கு ஐந்துதான் வந்தது. ஏழு வர வேண்டுமென்றால் நாற்பத்தொன்பது டைல் வேண்டும். மீதி இருபத்துநாலுக்கு எங்கே போவது?

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. இதைச் சொல்ல ஒரு ஆளுக்கு இருபத்தேழு வருடமாக வாய் வரவில்லையே!

அடுத்த ஞாயிறு கேட்காமலே எழுந்துபோய் போர்டில் மூன்று சதுரங்களையும் கட்டம் கட்டமாக வரைந்தாள்.

"பாஞ்சாலி, போய் உட்காரு."

"உட்கார மாட்டேன் சார். இத பாத்துட்டு சொல்லுங்க. இது புரியறதுக்கு அறை வாங்கணுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "சரியாத்தான் இருக்கு" என்றார். பிறகு அதை அழித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். அதுதான் அவளை இன்னும் எரித்தது.

கணக்கில் ஐம்பத்தெட்டு வாங்கித் தேறினாள். சான்றிதழைப் பார்த்த மேனேஜர், "ரொம்ப சந்தோஷம்மா. எடம் காலியானா பாக்கலாம்" என்றார்.

"நான் பாத்துக்கறேன் சார்" என்று கையுறைகளைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

இரண்டு தெரு தள்ளி இன்னொரு கிடங்கில் இன்று அவள்தான் சூப்பர்வைசர். கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டுமென்று அவளுக்கும் தோன்றவில்லை.